ஆர்விட் பெடர்சனின் புகார் நகல்கள்

ஆர்விட் பெடர்சனுக்கு எழுபத்தேழு வயது. கின்சி ஓடைக் கரையில் அவருக்கு மாடுகள் உண்டு, மேய்ச்சல் நிலம் உண்டு, ஒரு பழைய டைப்ரைட்டரும் உண்டு. இந்த மூன்றில் எதை அவர் அதிகம் கவனித்துக்கொண்டார் என்று டில்டன் ஊரில் யாரைக் கேட்டாலும் டைப்ரைட்டர் என்றுதான் சொல்வார்கள். மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்பார். ரிப்பன் காய்ந்துவிட்டால் அன்றைக்கே பிக்கப் வண்டியைக் கிளப்பிவிடுவார்.

அந்த டைப்ரைட்டரில் அவர் அடித்ததெல்லாம் புகார்கள். அதிலும் ஒரே ஆள் மேல், ஒரே விஷயத்துக்கு. ஓடையின் மேல்பக்கத்து மலைச்சரிவில் இருக்கும் மார்லிஸ் கீன் கஞ்சா பயிரிடுகிறாள் என்பதுதான் அது. செப்டம்பர் மாதம் பூ முற்றும்போது அந்த வாசனை பள்ளத்தாக்கு வழியாக இறங்கிவரும். ஆர்விட் காலையில் பாலத்தின் மேல் நின்று மூக்கை நீட்டுவார். பிறகு கீழே இறங்கி, கோடு போட்ட இரும்புக் கம்பியைக் குட்டையில் விட்டு ஆழம் பார்ப்பார். வீட்டுக்குள் போய்க் கார்பன் தாளைச் செருகி அடிக்க உட்கார்ந்துவிடுவார்.

“ஐயா, இன்று காலை ஏழு மணி. காற்று கிழக்கிலிருந்து. நாற்றம் பலம். பாலத்தடியில் தண்ணீர் பதினோரு அங்குலம், போன வாரம் பதினான்கு. நடுவில் போன மூன்று அங்குலத்தை யார் குடித்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உடனே நடவடிக்கை எடுக்கவும்.”

தபாலில் போடுகிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் போவார். ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, இன்னொரு பிரதியில் தேதியோடு சீல் போடும்வரை ஜன்னலை விட்டு நகரமாட்டார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும் என்று நிற்பார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு போலீஸ்காரர் மலையேறி மார்லிஸ் வீட்டுக்குப் போவார். அங்கே அவரை வரவேற்பது அவரைப் பந்தலும் கோழிக்கூண்டும்தான். செடிகளோ அடர்ந்த புதருக்குள், மரத்துக்கு ஒன்றாக, எட்டிப் பார்த்தாலும் தெரியாத இடத்தில் நிற்கும். மார்லிஸ் பிளம் கேக் வெட்டிக் கொடுப்பாள். போலீஸ்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கிவந்து ‘ஆதாரம் இல்லை’ என்று எழுதிவிடுவார். கேக் நன்றாக இருந்தது என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுவார். காவல் நிலையத்தில் ஆர்விட்டுக்கு ‘மோப்பம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மோப்ப நாய் லீவில் போனால் பெடர்சனைக் கூப்பிடலாம் என்று அவர் காதுபடவே சொன்னதுண்டு.

மார்லிஸ் தூரத்து மினசோட்டா மாநிலத்துக்காரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் ஓர் ஆட்டையும் ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவள். இரண்டாவது குளிர்காலத்தில் ஆள் ஓடிவிட்டான், ஆடு இருந்தது. அன்றிலிருந்து கஞ்சாதான் அவளுக்குச் சோறு போட்டது. ஒரு நாள்கூட கையும் களவுமாகப் பிடிபட்டதில்லை. வருமான வரித் தாளில் தொழில் என்ற இடத்தில் ‘மெழுகுவர்த்தி வியாபாரம்’ என்று எழுதுவாள். அவளிடம் மெழுகுவர்த்தி வாங்கிய ஒருவரை டில்டனில் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

நாலைந்து வருஷத்துக்கு முன் சட்டம் மாறியது. பெயரைக் கொடு, நிலத்தைக் காட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு தாராளமாகப் பயிரிடு என்று மாவட்டம் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தது. நாற்பது வருஷம் யாருக்குப் பயந்து ஒளிந்தாளோ அவர்கள் முன்னாலேயே வரிசையில் போய் நிற்பதா என்று மார்லிஸ் சிரித்துவிட்டு வீட்டில் இருந்துவிட்டாள். மலைக்காரர்கள் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். வெளியூரிலிருந்து காசுக்காரர்கள் வந்தார்கள். பிளாஸ்டிக் கூடாரம் அடித்தார்கள். டாங்கர் லாரியில் தண்ணீர் ஓட்டினார்கள்.

அப்புறம் வானம் கைவிட்டது. இரண்டு வருஷமாக மழை பெயருக்குத்தான் பெய்தது. கிணறுகள் சேற்றைக் கக்கின. ஆர்விட் தன் அறுபது மாடுகளில் முப்பத்தெட்டை விற்றார். இரும்புக் கம்பி மே மாதமே நான்கு அங்குலம்தான் நனைந்தது. அவர் தீவனக் கடை வாசலில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினார். மாவட்ட சபையில் ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசலாம் என்பதால் மூன்று நிமிஷம் பேசினார்.

“இருக்குற வாய்க்கே தண்ணி இல்லை. இதுல புது வாய் எதுக்குங்குறேன்.”

சபை கேட்டது. தடை வந்தது. மழை பெய்து ஓடை தேறும்வரை புதிதாக ஒரு கஞ்சாச் செடி நடக்கூடாது, திராட்சை கூடாது, புல்கூடக் கூடாது. ஏற்கெனவே பயிரிட்டு வருபவர்கள் ஆதாரத்தைக் காட்டிப் பட்டியலில் பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். முன்பு ஜன்னல் பக்கமே வராதவர்களுக்கும் இது கடைசி வாய்ப்பு, பழைய குற்றத்துக்கு வழக்கு கிடையாது. பட்டியலில் இல்லாதவர்கள் எல்லோரும் புதியவர்கள். ஆக, அறுபத்தொன்பது வயதில், நாற்பத்து மூன்று வருஷ அனுபவத்தோடு, மார்லிஸ் கீன் ஒரு புது விவசாயி ஆனாள்.

ஜூன் இரண்டாம் வாரம் ஒரு காலை ஆர்விட் மாட்டுத் தொட்டிக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தார். மார்லிஸ் வேலிக் கதவைத் திறந்து உள்ளே வந்தாள்.

“பெடர்சன், எனக்கு ஒரு உதவி வேணும்.”

ஆர்விட் நிமிரவில்லை. “தண்ணின்னா இல்ல.”

“தண்ணி யாருக்குய்யா வேணும் உன்கிட்ட? உன் புகாரெல்லாம் வேணும்.”

“எந்தப் புகார்?”

“என்மேல எழுதினதுதான். வேற யார்மேல எழுதியிருக்கே நீ? ஆபீஸ்ல போய்க் கேட்டுட்டேன். ஏழு வருஷத்துக்கு மேற்பட்டதைக் கிழிச்சுப் போட்டாச்சாம். மிச்சம் எந்தப் பெட்டியில இருக்குன்னு அவங்களுக்கே தெரியலையாம். உன்கிட்ட சீல் போட்ட நகல் இருக்கும்ல?”

“இருக்கு. எதுக்கு?”

“நான் கஞ்சா போட்டேன்னு நிரூபிக்கணும்.”

ஆர்விட் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். “அதைத்தானேம்மா நான் இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன்.”

“அதான் உன்கிட்ட வந்தேன்.”

“போட்டோ கீட்டோ எடுத்து வைக்கலையா?”

“போட்டோ எடுத்தா மாட்டிக்க மாட்டோமா?”

“உரம் வாங்கின பில்லு?”

“பில்லு கேட்டா பேர் கேப்பான்.”

“வாங்கிட்டுப் போனவங்க யாராச்சும் சாட்சி சொல்ல மாட்டாங்களா?”

“அவங்க பேர் எவனுக்குத் தெரியும்? இருபது வருஷமா ஒருத்தன் வந்தான். அவனை ‘வாத்து’ன்னுதான் கூப்பிடுவேன். வாத்தை எங்கேன்னு போய்த் தேடுறது?” மார்லிஸ் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தாள். “அந்த அதிகாரிப் பொண்ணு நல்லவதான். ‘அம்மா, நீங்க ரொம்ப நல்லா ஒளிச்சிட்டீங்க, நான் என்ன பண்ணட்டும்’ங்குறா.”

ஆர்விட்டுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை,” என்றாள் அவள். “பேர் ஏறலைன்னா நட்டதையெல்லாம் பிடுங்கணும். அறுபது செடி. அது போனா இடத்தை வித்துட்டு மினசோட்டாவுல என் தங்கச்சி வீட்டுக்குப் போகணும். அவ ஒன்பது பூனை வளர்க்குறா.”

“போயேன். ஓடை எனக்கு மிச்சம்.”

“அதுவும் நியாயந்தான்,” என்றாள் மார்லிஸ். கெஞ்சவில்லை. வந்த வழியே போனாள். வேலிக் கதவை ஒழுங்காகக் கொக்கி போட்டுவிட்டுப் போனாள். அதில்கூடக் குறை சொல்ல இடம் வைக்கவில்லையே என்று ஆர்விட்டுக்கு எரிச்சல் வந்தது.

அன்று மத்தியானமே நகல்களை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். மனைவி நோரீன் இறந்த பிறகு அந்த மேசையில் ஒரு மூலையில் மட்டும்தான் தட்டு வைப்பது வழக்கம், அதனால் இடம் நிறையவே இருந்தது. ஒவ்வொன்றாகப் படித்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். தொண்ணூற்றிரண்டில் ‘இந்த நாற்றத்தில் என் கன்றுக்குட்டி தூங்கி விழுகிறது’ என்று ஒரு வரி. தன்னை அறியாமல் தலையாட்டினார். இவ்வளவு நல்ல எழுத்தை யாருமே படிக்கவில்லையே என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றுதான்: ஆதாரம் இல்லை.

மறுநாள் தீவனக் கடையில் ராய்ஸிடம் இதைச் சொன்னார். ராய்ஸ் அடுத்த பண்ணைக்காரர், சின்ன வயதிலிருந்தே சிநேகிதர், தடைக்கு இரண்டாவது கையெழுத்துப் போட்டவர்.

“குடுத்துடாதே,” என்றார் ராய்ஸ். “அந்தக் கிழவி போய்ட்டா ஓடைத் தண்ணி பூரா உன் மாட்டுக்கு.”

“அதான் நானும் நெனச்சேன்.”

“ஆனா ஒண்ணு. அங்க கஞ்சாவே இருந்ததில்லைன்னு மாவட்டமே எழுதி முடிச்சுடும். நீ இத்தனை வருஷமா செத்த எலியை மோந்து பாத்துட்டுத்தான் புகார் எழுதினேன்னு ஆயிடும்.”

ராய்ஸ் விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆர்விட்டுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. இருபத்திரண்டு மாடுகளும் நான்கு அங்குலத் தண்ணீரும் ஒரு தட்டில், செத்த எலி மறு தட்டில். இரண்டு நாள் நிறுத்துப் பார்த்தார். மனுஷனுக்குத் தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நாள் ஓட்ட முடியும். தான் சொன்னது சரி என்று ஒருத்தர் வாயால் கேட்காமல் செத்துப்போக முடியாது. ஆர்விட் அந்த ரகம். நகல்களை அட்டைப் பெட்டியில் அடுக்கினார். ஆனால் அவளிடம் கொடுக்கப்போவதில்லை, தானே படிக்கப்போகிறேன் என்று முடிவு செய்துகொண்டார்.

வியாழக்கிழமை மாவட்ட அலுவலகக் கூடத்தில் மலைக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். நாற்பது வருஷம் ஒளிந்து திரிந்தவர்கள் எல்லாம் தாங்கள் குற்றவாளிகள்தான் என்று நிரூபிக்க முண்டியடித்தார்கள். ஒருவர் தொண்ணூற்றேழில் தான் கைதான உத்தரவைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ‘அதிர்ஷ்டக்காரன்’ என்று மார்லிஸ் அவரைப் பொறாமையோடு பார்த்தாள்.

அதிகாரியின் பெயர் டெல்ஃபினா ரோச்சா. மார்லிஸின் முறை வந்ததும் ஆர்விட் பெட்டியோடு எழுந்தார். முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டு முதல் தாளை எடுத்தார். “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது, செப்டம்பர் ஆறு...”

“சார், ரெண்டாயிரத்துப் பன்னெண்டுலேருந்து இருந்தா போதும்.”

“முதல்லேருந்து படிச்சாத்தாம்மா புரியும்.”

படித்தார். கன்றுக்குட்டி தூங்கி விழுந்த வரிக்குக் கூடம் கைதட்டியது. ஆர்விட் சற்று நிறுத்தி, கைதட்டல் அடங்கியபின் தொடர்ந்தார். ஒவ்வொரு தாள் முடிவிலும் டெல்ஃபினா மார்லிஸைப் பார்ப்பார், மார்லிஸ் “உண்மைதான்” என்பாள். தொண்ணூற்றாறில் மட்டும் தகராறு.

“இருநூறு செடின்னு எழுதியிருக்கான். எண்பதுதான்மா இருந்துச்சு.”

“இருநூறு,” என்றார் ஆர்விட்.

“நீ வந்து எண்ணினியா?”

“மூக்கால எண்ணினேன்.”

டெல்ஃபினா அந்த வருஷம் தேவையில்லை என்று சொல்லி இருவரையும் அடக்கினார். கடைசித் தாளும் முடிந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. டெல்ஃபினா சீல்களைச் சரிபார்த்துவிட்டுச் சொன்னார்: “நீங்க சொன்னதெல்லாம் சரியாத்தான் சார் இருந்திருக்கு.”

“மைக்ல சொல்லும்மா,” என்றார் ஆர்விட்.

டெல்ஃபினா மைக்கில் சொன்னார். ஆர்விட் திரும்பி ராய்ஸ் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அவர் முகம் அப்படி மலர்ந்திருக்காது.

டெல்ஃபினா மறுபடி தாள்களைப் புரட்டினார். “பன்னெண்டு, பதிமூணு, பதினஞ்சு. சார், பதினாலு எங்கே?”

ஆர்விட் பெட்டியை மூடினார்.

“விதியில விடாம ஒவ்வொரு வருஷமும் இருக்கணும்னு இருக்கு. நடுவுல ஒரு வருஷம் விட்டாலும் புதுசுன்னுதான் கணக்கு. பெட்டியில ஒரு தரம் பாருங்களேன்.”

பெட்டியில் பார்க்க வேண்டியதில்லை என்று ஆர்விட்டுக்குத் தெரியும். மார்லிஸுக்கும் தெரியும். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. மடியில் இருந்த தொப்பியை எடுத்துக்கொண்டாள்.

“விடும்மா,” என்றாள் அதிகாரியிடம். “அந்த வருஷத்துக்கு என்கிட்ட ஆதாரம் எதுவும் இல்ல. நான் கெளம்புறேன்.”

ஆர்விட் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அவர் சொன்னது சரி என்று மைக்கில் சொல்லியாகிவிட்டது. மார்லிஸ் போய்விடுவாள், ஓடையும் அவருக்கே. ஒரே நாளில் ஒரு மனுஷனுக்கு இத்தனையும் கிடைப்பது அபூர்வம். சும்மா நின்றால் போதும். ஆனால் அவள் விஷயத்தைச் சொல்லாமல் எழுந்துபோவதை அவரால் தாங்க முடியவில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவள் நோரீனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அவர் அதை அடுத்த அறையிலிருந்து கேட்டிருந்தார்.

“உக்காரும்மா,” என்றார் மார்லிஸிடம். பிறகு அதிகாரியிடம், “அந்த வருஷம் நான் எழுதல,” என்றார்.

“அந்த வருஷம் வாசனை வரலையா சார்?”

“வந்துச்சு.”

“எங்கேருந்து?”

“என் வீட்டுச் சமையலறையிலேருந்து.”

கூடம் சிரித்தது. அவர் சிரிக்காததைப் பார்த்ததும் அடங்கியது.

“நோரீனுக்கு வயித்துல புத்துநோய்,” என்றார் ஆர்விட். “மருந்து ஏத்தினா ஒரு வாய் இறங்காது. பால்கூடத் தங்கல. இவ தினம் மத்தியானம் பின்கதவு வழியா வருவா. அந்த இலையை வெண்ணெயில காய்ச்சி ரொட்டியில தடவிக் குடுப்பா. அந்த நேரம் பாத்து நான் மாட்டைப் பாக்கணும்னு கெளம்பிடுவேன். நின்னு பாத்தா எழுதணுமே.”

அவர் கம்பீரமாகத்தான் ஆரம்பித்தார். இந்த இடத்தில் குரல் உடைந்துவிட்டது. மாட்டுக்காரர்கள் முன்னால் அழுவது அவருக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதார். ராய்ஸ் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் திரும்பி வர்றப்போ நோரீன் பசிக்குதுன்னு உருளைக்கிழங்கு வேகவைக்கச் சொல்வா. செப்டம்பர் மாசம் பூரா சாப்பிட்டா. நவம்பர்ல போய்ட்டா. அந்த வருஷம் நான் குட்டையில கம்பியே விடல. எதைன்னு எழுதுவேன்? எவ மேல எழுதுவேன்?”

டெல்ஃபினா படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இதை நான் எழுத்துல எடுத்துக்கணும் சார். என்னன்னு போடட்டும்?”

“நன்றின்னு ஏதாச்சும் கட்டம் இருக்கா அதுல?”

டெல்ஃபினா படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தார். “இல்லை சார்.”

“அப்போ புகார்னே போட்டுக்கோ,” என்றார் ஆர்விட். கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பழக்கதோஷத்தில் நகலுக்கும் ஒரு சீல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வண்டிகள் நிறுத்துமிடத்தில் வெயில் கொளுத்தியது. இரண்டு பேரும் அவரவர் வண்டிக் கதவைத் திறந்து, சூடு இறங்குவதற்காகக் காத்து நின்றார்கள்.

“பகல்ல ஓடையில பம்பு போடாதே,” என்றார் ஆர்விட். “மாடு குடிக்கிற நேரம்.”

“குளிர்காலத்துல தொட்டியில ரொப்பினது இருக்கு. ஆகஸ்ட் வரைக்கும் ஓடையைத் தொடமாட்டேன்.”

“தொட்டா எழுதுவேன்.”

“எழுதித்தான்யா ஆகணும்,” என்றாள் மார்லிஸ். “உள்ள அந்தப் பொண்ணு சொன்னாளே, கேக்கலையா? பேர் ஏறினது மட்டும் போதாதாம், வருஷா வருஷம் ஆதாரம் காட்டணுமாம். செப்டம்பர்ல மறந்துடாதே பெடர்சன். நீ எழுதலைன்னா நான் ஒன்பது பூனையோடதான் காலம் தள்ளணும்.”

ஆர்விட் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். நேரே வீட்டுக்குப் போகவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கடைக்குப் போய் இரண்டு ரிப்பன் வாங்கினார்.